சிறகே குடை!

தென்துருவப் பனியில் பென்குவின் குஞ்சு தகப்பனாரின் பாதங்களின் மேல் நின்றுகொண்டு குளிருக்குத் தப்புகிறது என்று படித்தால் எவ்வளவு அதிசயப்படுகிறோம்! நம் தஞ்சைத் தரணியிலேயே, பெற்றவர்களின் சிறகைக் குடையாகக் கொண்டு வெயிலுக்குத் தப்பும் குஞ்சு ஒன்று இருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா?

நத்தைகுத்தி நாரையைத்தான் சொல்கிறேன். சம்பா வயலில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை. அலகை மூடினாலும் நடுவில் பாக்குவெட்டியைப் போல் ஓர் இடைவெளி!

அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நொறுக்குகிறது என்றுதான் 1960-ல் ஜூலியன் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானிகூட எழுதினார். பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கீழ் அலகின் கூரிய நுனியை ஓட்டுக்குள் நுழைத்து, மூடியைப் பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை உருவிவிடுகிறதாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் நத்தையைப் பிடித்துவிடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டாக்டர் ஜெர்டன் எழுதியிருக்கிறார். இருட்டிலும் கடுகு டப்பாவைத் தவறாமல் எடுக்கிறீர்களே, அந்தக் கைப்பழக்கம்தான்!

வேடிக்கை என்ன தெரியுமா? குஞ்சு பிறக்கும்போது இந்த இடைவெளியே கிடையாது. வளர வளரத்தான் ஏற்படுகிறது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் வடுவூர் ஏரி, முத்துப்பேட்டைப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம் ஏரி. இரண்டும் பறவைகளின் சரணாலயங்கள். 2022-ல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. இங்கெல்லாம் இந்த நாரைகளைக் காணலாம். தென்னாட்டில் நவம்பரிலிருந்து மார்ச் வரை இவற்றுக்குப் பேறுகாலம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு. இரண்டு முதல் நாலு முட்டை. தாயும் தந்தையும் முறை வைத்துக்கொண்டு அடைகாக்கின்றன. சுமார் 25 நாளில் வெளிவரும் குஞ்சுக்கு வெயில் ஆகாது. பெற்றோரில் ஒன்று சிறகைத் தளர விரித்து நிழல் கொடுத்தபடி நிற்கும்!

இறக்கை முளைத்துவிட்டால் குழந்தை ஊரிலா நிற்கும்? பரத்பூரில் காலில் வளையம் மாட்டிய பறவை 800 கிலோமீட்டர் கிழக்கே அகப்பட்டிருக்கிறது.

காற்றில் விழுந்த குஞ்சைச் சிறுவர்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தால், பால்சாதம் ஊட்டி வளர்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். அதன் ஆகாரம் நத்தை. அதைச் சேற்றில் துழாவி எடுக்கும் வித்தையை நம் சமையலறையில் யார் கற்றுத் தருவது? 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இடம் கொடாது. உடனே வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதுதான் காரணம். பண்டிகையன்று மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் ஏங்காத குழந்தை உண்டா? அந்த ஊர்க் குழந்தைகளே விட்டுக்கொடுக்கும்போது, ஏரிக்கரையில் சற்றுத் தள்ளி நின்று, சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வர நம்மால் முடியாதா?