கடை நடத்தியவர் என்பது மட்டும் போதாது

டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கும் முதலாளிகளின் துண்டறிக்கைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. மாதம் பிறந்தால் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பழகியவர், அதிகாரிகளின் கெடுபிடியை அனுபவித்தவர், வரியைக் குறைப்பார், விதிகளைக் குறைப்பார். அப்படிப்பட்ட பழமைவாத வேட்பாளரை ஒரு சிறு வணிகர் சங்கம் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இந்தச் சங்கத்தில் இருப்பவர்களும் கடைக்காரர்கள்தான். வரி குறைந்தால் மகிழ்பவர்கள்தான். இருந்தும் கடை நடத்தியவர் என்ற ஒரே காரணத்துக்காக இனி எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. தன் சொந்தத் தொழிலுக்கு வேலியாக நிற்கும் சட்டத்தையும் நீக்க வாக்களிப்பேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கே சங்கத்தின் ஆதரவு.

இதனால் முதலாளிகளின் குறையைச் சங்கம் பொய் என்று சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நூலால் புருவம் திருத்தும் த்ரெட்டிங் கடைகளுக்கு இதே டெக்சாஸில் நேர்ந்ததைப் பார்த்தாலே போதும். கையில் நூல் மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் வேலை அது. அதைச் செய்ய அழகுக்கலை உரிமம் வேண்டும், அதற்கு 750 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றது மாநில உரிமத் துறை. அந்த 750 மணி நேரத்தில் 320 மணி நேரம் வரை இந்த வேலைக்குத் தொடர்பே இல்லாத பாடங்கள். கடைக்காரர்களும் தொழிலாளர்களும் வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த விதியை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. இப்படி ஒரு விதியில் சிக்கிய ஒருவர் கோபத்தோடு தேர்தலில் நின்றால் அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு.

ஆனால் நியாயமான கோபம் எல்லாமே நல்ல சட்டமாகிவிடாது. ஹூஸ்டன் பகுதியில் பூச்சி ஒழிப்பு நிறுவனம் நடத்திய டாம் டிலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தீயெறும்பைக் கொல்லப் பயன்பட்ட மைரெக்ஸ் என்ற மருந்துக்கு மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-களில் தடை போட்டது. தொழிலில் கைவைத்த அரசின் மீது அவருக்கு எரிச்சல். 1978-இல் மாநிலக் கீழவைக்கு நின்று வென்றார். ஆறு ஆண்டுகளில் வாஷிங்டன் போனார். 1995-இல் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் கொறடா ஆனதும் புதிய மத்திய விதிகளை நிறுத்திவைக்கும் மசோதாவை முன்னின்று நிறைவேற்றினார். செனட் அதை அப்படியே ஏற்கவில்லை என்பது வேறு கதை. அவரை அரசியலுக்குத் தள்ளிய மைரெக்ஸ் என்னவாயிற்று? மண்ணிலும் உடலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்த 2001-இல் ஸ்டாக்ஹோமில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பன்னிரண்டு பொருள்களில் அதுவும் ஒன்று. விதியால் தனக்கு ஆகும் செலவு முதலாளிக்குத் துல்லியமாகத் தெரியும். அது இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகும் செலவு அவர் கணக்குப் புத்தகத்தில் வராது.

சங்கத்தை அதைவிட அதிகம் உறுத்துவது வேறொன்று. விதிகளை எதிர்ப்பதாகச் சொல்லும் தொழில்கள் பலவும் தமக்குச் சாதகமான விதிகளை விடாப்பிடியாகக் காத்துவருகின்றன.

அண்டை மாநிலமான லூசியானாவில் செயின்ட் ஜோசப் மடத்துத் துறவிகள் மரத்தால் எளிய சவப்பெட்டிகள் செய்து விற்கத் தொடங்கினார்கள். கத்ரீனா புயலில் மடத்துக் காட்டு மரங்கள் சாய்ந்து வருமானம் போன பின் அவர்கள் கண்ட வழி அது. விற்பனையை நிறுத்தச் சொல்லி மாநில ஈமச்சடங்கு வாரியத்திடமிருந்து ஆணை வந்தது. சட்டப்படி விற்க வேண்டுமானால் முப்பது பேர் அமரும் கூடம் வேண்டும், சடலத்தைப் பதப்படுத்தும் வசதி வேண்டும், உரிமம் பெற்ற இயக்குநர் வேண்டும். ஒரு பெட்டி விற்பதற்கு! வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் அதே தொழிலில் இருந்தவர்கள். சட்டத்தைத் திருத்தும்படி துறவிகள் சட்டமன்றத்திடம் முறையிட்டார்கள். ஈமச்சடங்குத் தொழிலின் எதிர்ப்பால் அந்த மசோதாக்கள் கரையேறவில்லை. 2013-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அவர்களுக்கு வழிவிட்டது.

டெக்சாஸும் இதில் குறைக்கு அப்பாற்பட்டதல்ல. கார் தயாரிக்கும் நிறுவனம் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கக் கூடாது, இடையில் டீலர் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். டெஸ்லா 2021-இல் தன் தலைமையகத்தையே ஆஸ்டினுக்கு மாற்றியது, அங்கேயே பெரிய தொழிற்சாலையும் கட்டியது. அப்படியும் அந்த ஊரில் ஷோரூம் திறந்து தன் காரை விற்க அதனால் முடியவில்லை. தடையற்ற சந்தை என்று மேடைதோறும் பேசும் கட்சி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரு அவைகளிலும் பெரும்பான்மை வைத்திருக்கும் மாநிலம் இது. டீலர்களின் கை அவ்வளவு நீளம்.

வரி விஷயத்திலும் சங்கத்துக்கு ஒரு தயக்கம் உண்டு. கான்சஸ் 2012-இல் ஒரு பெரிய பரிசோதனை செய்தது. உரிமையாளர் கணக்கில் நேராகச் சேரும் வணிக வருமானத்துக்கு மாநில வருமான வரியே இல்லை என்று ஆளுநர் சாம் பிரவுன்பேக் சட்டம் கொண்டுவந்தார். முதலாளி கட்டவில்லை, அவரிடம் வேலை செய்த கணக்காளர் தன் சம்பளத்துக்குத் தொடர்ந்து கட்டினார். வளர்ச்சி வந்து பள்ளத்தை நிரப்பும் என்ற கணக்குப் பொய்த்தது. 2014-இல் மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு இறங்கியது. 2015-இல் சில பள்ளி மாவட்டங்கள் பணமில்லாமல் கல்வியாண்டைச் சில நாள் முன்னதாகவே முடித்தன. 2017-இல் ஆளுநரின் மறுப்பாணையையும் மீறி அந்தச் சலுகையை நீக்கியது குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட அவைகளே. டெக்சாஸ் 2023-இல் செய்தது சங்கத்துக்கு உவப்பான வழி: ஆண்டு வருவாய் 24 லட்சத்து 70 ஆயிரம் டாலர் வரை உள்ள நிறுவனங்கள் மாநில வணிக வரி கட்ட வேண்டாம் என்று வரம்பை உயர்த்தினார்கள். சின்னக் கடைக்கு நிவாரணம் கிடைத்தது. பெரிய நிறுவனம் தன் பங்கைக் கட்டுகிறது.

சொந்த நலன் உள்ள விஷயத்தில் உறுப்பினர் அதை அவைக்குச் சொல்லிவிட்டு வாக்களிக்காமல் விலகியிருக்க வேண்டும் என்று டெக்சாஸ் அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவே சொல்கிறது. ஆனால் பல மாநில மன்றங்களில் வழக்கமாக ஒரு சந்து உண்டு. சட்டம் ஒரு தொழிலில் உள்ள எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்குமானால் அது சொந்த நலன் ஆகாது என்பார்கள். ஒருவகையில் அது சரிதான். ஆசிரியர் கல்வி மசோதாவில் வாக்களிக்கக் கூடாது, விவசாயி தண்ணீர் மசோதாவில் வாக்களிக்கக் கூடாது என்றால் மன்றத்தில் யார் மிஞ்சுவார்? அதனால் விலகியிருக்கும்படி சங்கம் கேட்கவில்லை. தன் நிறுவனம் எந்த உரிம வாரியத்தின் கீழ் வருகிறது, அரசிடம் என்ன ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்பதை வாக்களிப்புக்கு முன் அவையில் உரக்கச் சொல்லும்படிதான் கேட்கிறது.

சம்பளத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. டெக்சாஸ் உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர். கூட்டம் நடக்கும் நாட்களுக்குத் தினப்படி தனி. நியூ ஹாம்ப்ஷயரின் நிலை இன்னும் வேடிக்கை: கீழவையில் 400 பேர், தலைக்கு ஆண்டுக்கு 100 டாலர், 1889-இலிருந்து அதே தொகை. மக்கள் பிரதிநிதி அரசியலையே பிழைப்பாக்கிக்கொள்ளக் கூடாது என்ற பழமைவாத நோக்கத்தைச் சங்கம் மதிக்கிறது. ஆனால் டெக்சாஸில் ஒன்றைவிட்ட ஆண்டுகளில் 140 நாள் ஆஸ்டினில் தங்க யாரால் முடியும்? கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவரால் முடியும், வழக்கறிஞரால் முடியும். அந்தக் கடையில் கல்லாவில் உட்காரும் பெண்ணால் முடியாது. ஆகவே சம்பள உயர்வுக்கு அரசியல் சட்டத் திருத்தம் வந்தால் சங்கம் அதை ஆதரிக்கும். வரிச் சலுகையை விரும்பும் உறுப்பினர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறது.

அடுத்த முதல்நிலைத் தேர்தலுக்கு முன் மாநில அவைகளுக்கு நிற்கும் முதலாளிகள் அனைவருக்கும், எந்தக் கட்சியானாலும், சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போகும். உங்கள் தொழிலில் புதிதாக நுழைபவரைத் தடுக்கும் விதி எது, அதை நீக்க வாக்களிப்பீர்களா என்பதே அதிலுள்ள முதல் கேள்வி. பதில்கள் வந்த வடிவிலேயே உறுப்பினர்களுக்குத் தரப்படும். பதில் தராதவர்களின் பெயர்களும் அதே தாளில் இருக்கும்.