கேத்தலிற் படியும் கல்

கொழும்பிலே வாழும் என் தமக்கையார் சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணத்திலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தார். தேநீர் வைக்க முனைந்தவர், மின்சாரக் கேத்தலைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதை ஒருவரும் கழுவுவதில்லையோ?" என்றார். உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படை. என் துணைவியாரின் முகம் வாடிற்று. நாள்தோறும் அதைத் தேய்த்துத் தேய்த்து அலுத்தவர் அவர். உண்மையில் இது கழுவாத குற்றமன்று. எம் நிலத்தின் இயல்பு.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று, மெல்லிய அமிலமாகி, அப்பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறும் இவ்வாறு பாறை கரைந்து உண்டானதே. கரைந்த சுண்ணம் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்று நீரிற் கலந்து நிற்கின்றது. நீர் கொதிக்கும்போது அது சிதைந்து, கல்சியம் காபனேற்றாகிக் கேத்தலில் படிகின்றது. கொழும்புக்கு நீர் வழங்கும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரோ மென்னீர். அக்காவின் கேத்தல் பளபளப்பதன் இரகசியம் இதுவே.

இப்படையை உட்கொள்வதால் தீங்கில்லை. ஆயினும் அது வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே நீர் கொதிக்கக் காலம் செல்லும். கேத்தலும் விரைவிற் பழுதாகும். கத்தியாற் சுரண்டுவது கேத்தலைக் கெடுக்கும். நான்கைந்து தேசிக்காய்களின் சாற்றையோ, ஒரு பங்கு வினாகிரிக்கு இரு பங்கு நீர் சேர்த்தோ, கேத்தலின் பாதியளவுக்கு ஊற்றுங்கள். பொங்கி வருமாதலால் நிறைய ஊற்றலாகாது. சூடாக்கி, மின்னிணைப்பைக் கழற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். குமிழிகள் எழுந்து கல் கரையும். பின்னர் நன்கு அலசி, புதுநீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பாவிக்கலாம். தடித்த படையாயின் இருமுறை செய்க.

சவர்க்காரம் நுரையாமைக்கும் காரணம் இதே கல்சியந்தான். அது சவர்க்காரத்துடன் சேர்ந்து தயிர்போற் திரையும். துணி வெளுக்கும் நீரிற் சிறிது சலவைச் சோடாவை முதலிற் கரைத்துவிட்டால் சவர்க்காரச் செலவு குறையும். மாரியிலே கூரை நீரைச் சேர்த்து வைப்போருக்கு அதுவும் வேண்டியதில்லை.

இவ்வளவையும் அன்றே வீட்டில் விளக்கிய நான், சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாது விட்டேன். மறுநாள் துணைவியார் குளியலறைத் தரையிலிருந்த வெள்ளைப் படையிலும் வினாகிரியை ஊற்றினார். கிருமியும் ஒழியட்டுமென்று, அதன்மேல் துணி வெளிற்றும் திரவத்தையும் ஊற்றிவிட்டார். சிறிது நேரத்தில் கண்ணெரிவும் இருமலுமாக வெளியே ஓடிவந்தார். அமிலமும் வெளிற்றும் திரவமும் சேர்ந்தால் குளோரீன் வாயு எழும். 1915 ஆம் ஆண்டில் பெல்சியத்துப் போர்க்களத்திலே படைவீரரைக் கொன்ற அதே வாயு! நல்லவேளையாக, முற்றத்துக் காற்றில் அமர்ந்திருக்க இருமல் தணிந்தது. இருபது ஆண்டுகளாக இரசாயனம் கற்பிக்கும் எனக்கு அன்று துணைவியாரை நிமிர்ந்து பார்க்க நாணமாயிருந்தது.

ஆதலின் நேயர்களே, தேசிக்காய், வினாகிரி, கழிப்பறை கழுவும் அமிலம் ஆகிய எதனையும் வெளிற்றும் திரவத்துடனோ தூளுடனோ ஒருபோதும் கலவாதீர்கள். தவறிக் கலந்துவிட்டால், அதைக் கழுவ நில்லாது உடனே வெளியேறுங்கள். மூச்சு முட்டுமாயின் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்க வேண்டாம். மாணவர்களே, புத்தகத்திற் படிக்கும் இப்பாடத்தை இன்றே வீட்டிலுள்ளோருக்குச் சொல்லிவையுங்கள்.

அக்கா புறப்படும் நாளில் தாமே கேத்தலைத் தேசிச்சாறிட்டுக் கழுவி வைத்தார். "என்னில்தான் பிழை, பிள்ளை" என்று துணைவியாரின் கையைப் பற்றிச் சொன்னார். ஒருவரைக் குறைகூறுமுன் காரணத்தைத் தேடுவதும் வீட்டுக்கு வேண்டிய எளிய பரிகாரங்களுள் ஒன்றே.

அடுத்த கிழமை, மாரியில் இறுகிக்கொள்ளும் கதவைப் பற்றிப் பேசுவோம்.