சிரிப்பை எழுதியவர் எவர்?

நம் துறை மாணவரிடம் ‘கரகாட்டக்காரன்’ படத்து வாழைப்பழக் காட்சியைக் கூறுமாறு கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரு சொல் பிசகாது ஒப்பிக்கும். அதை எழுதியவர் எவர் என்று வினவினாலோ அமைதி நிலவும். கவுண்டமணி என்பர் சிலர். இயக்குநர் கங்கை அமரன் என்பர் வேறு சிலர். 1989இல் வெளிவந்த அப்படத்தின் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். அவர் தாமும் ஒரு நகைச்சுவை நடிகர். செய்யுளை அடிபிறழாது சொல்லத் திணறும் மாணவரும் மனனம் செய்துவிட்ட உரைநடை அவருடையது. ஆயினும் அவர் பெயரை வகுப்பில் சொன்னபோது, சந்தனக் கடத்தல் வீரப்பனை நினைத்துச் சிரித்தவர்களே மிகுதி.

இவ்வினாவை நம்முள் எழுப்பியது அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று. 1975 அக்டோபர் 11இல் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்பது குறுநாடகங்களால் ஆன நகைச்சுவை நிகழ்ச்சி. சனி இரவில் நியூயார்க்கிலிருந்து நேரலையாக வருவது. திங்களன்று கருவைப் பேசி, செவ்வாய் இரவெல்லாம் கண்விழித்து எழுதி, புதனன்று கூடிப் படித்துப் பார்த்து, வேண்டாதவற்றைத் தள்ளுவது அவர்கள் வழக்கம். சேமித்து வைத்த சரக்கு என்று ஏதும் இல்லை. ஆகவே 2023 மே 2 அன்று அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தினர் ஏறத்தாழ 11,500 பேர் பேனாவைக் கீழே வைத்ததும், மே 6ஆம் நாள் வரவேண்டிய நிகழ்ச்சியே நின்றது. நடிகர் இருந்தனர், அரங்கு இருந்தது, விளக்கு இருந்தது. சொல் இல்லை.

அவர்கள் கேட்டவற்றுள் இரண்டு நம் கருத்துக்குரியன. படைப்பு மீண்டும் மீண்டும் காட்டப்படும்போது, குறிப்பாக இணையவழித் திரைகளில், எழுதியவருக்கும் உரிய பங்கு வேண்டும் என்பது ஒன்று. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் தருவதை எழுத்தாளர் படைப்பாகக் கொள்ளலாகாது என்பது மற்றொன்று. 148 நாள்களுக்குப் பின் செப்டம்பர் 27இல் வேலைநிறுத்தம் முடிந்தது. இரண்டிலும் அவர்கள் வெறுங்கையுடன் திரும்பவில்லை.

அக்டோபர் 14இல் நிகழ்ச்சி மீண்டது. மே மாதம் தொகுத்து வழங்கியிருக்க வேண்டிய பீட் டேவிட்சனே அன்றும் வந்தார். ஆனால் முதற்காட்சி சிரிப்போடு தொடங்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னரே காசாவில் போர் மூண்டிருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் தீயணைப்பு வீரரான தந்தையை ஏழு வயதில் பறிகொடுத்தவர் டேவிட்சன். இஸ்ரேலியக் குழந்தைகளும் பாலஸ்தீனக் குழந்தைகளும் படும் துயரைக் கண்டு தம் பழைய நாள் நினைவுக்கு வந்ததை அவர் எளிய சொற்களில் கூறினார். சிரிக்க வைக்கும் மேடையில், எங்கே சிரிக்கலாகாது என்று அறிந்து நிற்பதும் நகைச்சுவையாளர் கடமையே. அது எழுத்துப் பயிற்சியின்றி வாய்க்காது என்பது நம் துணிபு.

‘கூத்தாடிகளின் கூலிச் சண்டை நமக்கு எதற்கு?’ என்று பெரியோர் சிலர் கேட்கலாம். கூலி உயர்வு கேட்டு நடவுக்கு இறங்க மறுத்த உழவுத் தொழிலாளரின் வரலாறு நம் வட்டாரத்துக்கு உண்டு. கூலியின் நியாயத்தை இவ்வூரில் விளக்க வேண்டுவதில்லை. மேலும், திருவாரூர்ப் பள்ளியில் பயின்ற கலைஞர் மு. கருணாநிதியின் பெயர், ‘பராசக்தி’ வந்த 1952இல், நடிகர் பெயருக்கு நிகராக மக்களை அரங்குக்கு ஈர்த்தது. வீரவசனம் எழுதியவருக்குக் கிட்டிய அப்பெருமை, சிரிக்க எழுதியவருக்கு ஏன் கிட்டவில்லை?

சட்டம் இதில் நம்மை முந்திவிட்டது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கியப் படைப்பின் ஆசிரியருக்குத் திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போதெல்லாம் பங்கு பெறும் உரிமையை வழங்குகிறது. நாள் முழுதும் சிரிப்புக் காட்சிகளையே ஒளிபரப்பும் அலைவரிசைகள் உள்ள நாட்டில் இது சிறிய உரிமை அன்று. எழுதியவர் கைக்கு அது சென்று சேர்கிறதா என்பது வேறு கதை.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்னை சென்று தொலைக்காட்சிக் குறுநாடகங்களுக்கு எழுதினார். ஈராண்டு உழைத்தும் ஒருமுறைகூடத் திரையில் பெயர் வரவில்லை. ஊதியமும் பாதியே வந்தது. இன்று ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார். ‘ஐயா, நான் எழுதியதைப் பார்த்து எங்க அத்தா சிரித்தார், நான்தான் எழுதினேன் என்று சொன்னேன், நம்பவில்லை’ என்றார். நாம் மறுமொழி கூற இயலாது நின்றோம்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதற்கு நிலைக்களனும் வகுத்தார். அந்நான்கையும் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் பெறும் நம் மாணவர், முத்தமிழ் விழா மேடையில் தொலைக்காட்சியில் வந்ததையே திரும்ப நடிக்கின்றனர். குறை அவர்களிடம் இல்லை. கவிதைப் போட்டி, கட்டுரைப் போட்டி வைக்கும் நாம், நகைச்சுவை நாடகம் எழுதும் போட்டி ஒன்றையும் இதுகாறும் வைத்ததில்லை. வரும் ஆண்டு விழாவுக்கு அப்போட்டியை நடத்துமாறும், அழைப்பிதழில் நடிப்பவர் பெயருக்கு மேலே எழுதியவர் பெயரை அச்சிடுமாறும் துறைத்தலைவரிடம் விண்ணப்பம் அளித்துள்ளோம். அந்த உரக்கடைக்காரரை நடுவராக அழைக்கவும் எண்ணியுள்ளோம்.