அண்ட்ரிக் அடிகளாரின் பிறப்பை ஏன் முழுங்குகிறோம்?

 

தமிழ் அச்சு பற்றிப் பேச்சு வந்தால் நம்ம தூத்துக்குடிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துகிறோம். நிமிர்த்தலாம், தப்பில்லை. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் பழையது 'தம்பிரான் வணக்கம்'. 1578-ல் கொல்லத்தில் அச்சான 16 பக்கப் புத்தகம். தமிழில் ஆக்கியவர் அண்ட்ரிக் அடிகளார் என்கிற ஹென்றிக் ஹென்றிக்கஸ். காசு கொடுத்தது முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். 1586-ல் அவருடைய 'அடியார் வரலாறு' வந்தது, 600 பக்கத்துக்கு மேல்.

இதெல்லாம் மேடையில் சொல்கிறோம். அவர் யூத வம்சத்தில் பிறந்தவர் என்பதை மட்டும் முழுங்கிவிடுகிறோம்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். "தேவையில்லாத விவகாரம் சார்" என்றார் ஒருவர். "இஸ்ரேலுக்கு வக்காலத்தா?" என்றார் இன்னொருவர். 16-ஆம் நூற்றாண்டு மனிதரின் பிறப்புக்கும் இன்றைய அரசாங்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?

விவகாரத்தைச் சொல்கிறேன். 1497-ல் போர்ச்சுகலில் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். மாறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் 'புதுக் கிறிஸ்தவர்' என்று முத்திரை. வெள்ளி சாயங்காலம் விளக்கேற்றினால், பஸ்காவுக்குப் புளிப்பில்லா அப்பம் சுட்டால், பன்றிக்கறியை ஒதுக்கினால் மத விசாரணை மன்றம். அண்ட்ரிக் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார்; யூத வம்சம் என்று வெளியே அனுப்பினார்கள். இயேசு சபை சேர்த்துக்கொண்டது. 1547-ல் நம் கரைக்கு வந்தவர், 1600-ல் புன்னைக்காயலில் கண்மூடினார்.

இங்கே மட்டும் நிம்மதியா? 1560-ல் கோவாவுக்கும் அந்த விசாரணை மன்றம் வந்தது. மூலிகைகள் பற்றி நூல் எழுதிய மருத்துவர் கார்சியா த ஓர்தாவின் சகோதரியை 1569-ல் எரித்துக் கொன்றார்கள். செத்துப்போன ஓர்தாவின் எலும்பையும் 1580-ல் தோண்டி எரித்தார்கள். 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி இரண்டே வருஷம். 1593-ல் இயேசு சபையும் யூத வம்சத்தார் இனிச் சேரக்கூடாது என்று சட்டம் போட்டது. அப்போது அண்ட்ரிக் இந்தக் கரையில் எழுபது தாண்டிய கிழவர். அந்தத் தடை முழுசாக நீங்கியது 1946-ல்!

பிறப்பைச் சொல்லித் தள்ளப்பட்ட ஒருவர்தான் நம் மொழிக்கு இலக்கணம் எழுதினார், அச்சில் ஏற்றினார். அவர்கள் ஆளை வெளியே அனுப்பினார்கள். நாம் அவர் பிறப்பை வெளியே அனுப்புகிறோம். என்ன வித்தியாசம்?

அவரை 'ரகசிய யூதர்' ஆக்குகிற கூட்டமும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. கிறிஸ்தவக் குருவாக வாழ்ந்தார், மறைபரப்பினார், அப்படியே இறந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

மறைப்பதற்கு உண்மையான காரணம் வேறே. புது ஆளைப் பார்த்தால் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிற சீமை இது. பிறப்பை வைத்துத் தள்ளியவர்கள் கதையைச் சொன்னால் விரல் நம் பக்கம் திரும்பும். அந்தப் பயம்தான்.

பாடம் நடத்துகிற தம்பி தங்கைகளே, விழா நடத்துகிற பெரியவர்களே, ஒரே ஒரு வரி சேருங்கள்: 'யூத வம்சத்தில் பிறந்ததற்காக ஒரு சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்.'

மறுப்பவர்கள் கமெண்டில் ஆதாரத்தோடு வாருங்கள். வெறும் வசவு வேண்டாம்.