அயல்நிறமும் காட்சியும்

“கண்ணாற் கண்டோம்” என்று ஒருவர் கூறிவிட்டால் வழக்கு முடிந்ததென்று கொள்ளுதல் உலகத்தார் இயல்பு. ஆனால், ஒரு நிறத்தைக் கண்டவர் அதனை மட்டுமன்றி, அதன் அயலிலிருந்த நிறத்தையும் சேர்த்தே கண்டார் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். இம்மறதியைப் போக்குதல் கல்லூரிக் கல்வியின் கடமைகளுள் ஒன்றென்பது எமது கருத்து.

பாரிசு மாநகரத்துக் கோபெலின் நெசவாலை சித்திரத் திரைச்சீலைகளுக்குப் பெயர்பெற்றது. 1824ஆம் ஆண்டில் அங்கே சாயப் பகுதியின் தலைவராக நியமனம் பெற்றவர் மிஷெல் இயூஜேன் ஷெவ்ரல் என்னும் இரசாயன அறிஞர். நீல ஆடைகளினதும் ஊதா ஆடைகளினதும் நிழலைக் காட்டுதற்கு நெய்யப்பட்ட கரிய நூல் உரமின்றி வெளிறியிருக்கின்றதென்று முறைப்பாடு எழுந்தது. அவர் பிற ஆலைகளிற் சாயமிட்ட கரிய நூல்களைத் தருவித்து ஒப்பிட்டார். தம் ஆலையின் கருமை அவற்றிற்குத் தாழ்ந்ததன்று என்று கண்டார். குற்றம் சாயத்தினதன்று, அயலில் நின்ற நிறத்தினது. ஒரு நிறம் தன் அயலிலுள்ளதன்மேல் தனக்கு எதிரான நிறத்தின் சாயலை ஏற்றிக் காட்டும். நீலத்தின் எதிர்நிறம் செம்மஞ்சள். அச்சாயல் ஏறியமையாற் கருமை வெளிறித் தோன்றிற்று. இவ்விதியை விரித்து 1839இல் அவர் நூலொன்று வெளியிட்டார்.

இதனாற் கண்ணைப் பொய்ச்சான்றென்று தள்ளிவிடலாமோ? ஆகாது. வெயிலிற் கிடக்குங் கரித்துண்டு, அறைக்குள் இருக்கும் வெள்ளைத்தாளிலும் மிகுந்த ஒளியைக் கண்ணுக்கு அனுப்பக்கூடும். அப்படியிருந்தும் கரி கரியதாகவும் தாள் வெள்ளையாகவுமே தோன்றுகின்றன. கண் ஒளியை நிறுத்துப் பாராது, அயலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்குக் காரணம். குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்து, 1967இல் நோபெல் பரிசிற் பங்குபெற்ற ஹார்ட்லைன் என்பார், ஒளிபட்ட அணு தன் அயலணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கின்றதென்று காட்டினார். ஒப்பீடு கண்ணிலேயே தொடங்கி மூளையில் தொடர்கின்றது. பிழையென்று நாம் கூறுவது, நம்மை நாள்தோறும் காக்கும் அவ்வொப்பீட்டின் விளைவேயாம்.

நம் அளவை நூலார் திரிபுக்காட்சிக்குக் கயிற்றைப் பாம்பென்று காண்டலை உதாரணமாகக் கூறுவர். விளக்கைக் கொண்டுவர, பாம்பு மறைந்து கயிறு தோன்றும். நிறத்தின் திரிபோ அத்தகையதன்று. ஒரே சாம்பல்நிறத் தாளில் இரு துண்டுகளை வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின்மீதும் மற்றதை வெள்ளைத் தாளின்மீதும் வைத்துப் பாருங்கள். கறுப்பின்மீதுள்ளது வெளுத்தும், வெள்ளையின்மீதுள்ளது கறுத்துந் தோன்றும். இரண்டும் ஒன்றேயென்று வெட்டிய கை அறியும்; அறிந்தும் கண் இணங்காது. இரு துளைகளிட்ட அட்டையொன்றை மேலே வைத்து அயலை மறைத்தபோதே உண்மை வெளிப்படும். ஆதலால், அறிந்திருத்தல் மாத்திரம் போதாது. அயலை நீக்கியோ சமமாக்கியோ பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

சேலையைக் கையோடு கொண்டுசென்று சட்டைத்துணி தெரியும் நம் தாய்மாரிடத்து இப்பழக்கம் உண்டு. ஆய்கூடத்திலும், நியமிப்புச் செய்யும் மாணவன் குடுவையின்கீழ் வெள்ளை ஓடு வைக்கின்றான். ஆயின், ஏன் வைக்கின்றானென்று அவனைக் கேட்டால், “வைக்கச் சொன்னார்கள்” என்பவரே பலர். காரணம் அறியாது கைக்கொண்ட முறை, பரீட்சை முடிந்த மறுநாளே மறைந்துபோம். சித்திர வகுப்பிலும் விஞ்ஞான வகுப்பிலும் மேற்கூறிய தாள்சோதனையை ஒவ்வொரு மாணவனுந் தன் கையாற் செய்தல் வேண்டும். அதற்கு வேண்டிய செலவு சில தாள்களும் ஒரு கத்தரிக்கோலுமே.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. மிகச் சிறந்த விடைத்தாளொன்றின்பின் கைக்கு வரும் நடுத்தர விடைத்தாளும், கெட்டிக்காரத் தமையனின்பின் அதே வகுப்புக்கு வருந் தம்பியும், கோபெலின் ஆலையின் கரிய நூலின் நிலையிலேயே நிற்கின்றனர். தீர்ப்புக் கூறுமுன், ஷெவ்ரல் செய்தவாறு, நூலை அதன் அயலிலிருந்து எடுத்துத் தனியே வைத்துப் பார்ப்போமாக.