ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது கல்லூரி

2025 ஜூலை 8 அன்று காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன் மீது, விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் சென்ற பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ரயில் வரும் நேரத்தில் கேட் ஏன் திறந்திருந்தது, சிக்னலோடு இணைக்கப்படாத கேட்டுகள் இன்னும் எத்தனை இருக்கின்றன, கண்காணிப்புக் கேமரா ஏன் இல்லை என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. எழவேண்டிய கேள்விகள்தான், அவற்றுக்கு ரயில்வே பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால், இன்னொன்றையும் பேசவேண்டும். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் ஆலைகளைத் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வரை, காலை ஏழரை மணிக்கு மஞ்சள் வேன்கள் ஊருக்கு ஊர் புகுந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியேறுகின்றன. நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளிகளைக் கடந்துதான் அவை போகின்றன. இதைச் சொல்வது பெற்றோர் மீது பழிபோட அல்ல. பிள்ளை நம்மைவிட நல்ல நிலைக்கு வரவேண்டும் என்று நினைத்ததைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை. ஆலையில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவரும், மீன் விற்கிறவரும், முந்திரி உடைக்கிறவரும் ஜூன் மாதம் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டுவது வீம்புக்காக அல்ல.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் முடிவும் நியாயமானது. அவை எல்லாம் சேர்ந்து ஊருக்கு என்ன செய்கின்றன என்பதுதான் கவலை. மூன்று வயதில் எல்கேஜிக்காக வேன் ஏறும் பிள்ளை பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை. அரசுப் பள்ளியோ ஐந்து வயதில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறது. ஆங்கில வழி, நகரத்துப் பள்ளி, சீருடை என்று நாம் சொல்லும் காரணங்களுக்கெல்லாம் முன்பாக, அந்த இரண்டு ஆண்டு இடைவெளியிலேயே கிராமத்துப் பள்ளி தன் பிள்ளையை இழந்துவிடுகிறது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளை அரசு தொடங்கியது. காலை உணவுத் திட்டம் 2023இல் எட்டிய அரசுத் தொடக்கப் பள்ளிகள் மட்டும் ஏறத்தாழ 31,000. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் வேன்கள் ஓடுகின்றன.

பிள்ளைகள் குறைந்தால் என்ன நடக்கும்? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. மிஞ்சியவர் ‘உபரி’, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்துவதைப் பார்க்கும் பெற்றோர், அடுத்த பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். பதிவேட்டில் இன்னும் ஒரு பெயர் குறைகிறது. இந்தச் சுற்றை எந்தத் தலைமையாசிரியரும் தனியாக நிறுத்திவிட முடியாது.

இதே சுற்று எதிர்த்திசையிலும் சுழலும். 58 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒரு குடும்பம் மட்டும் துணிந்து தன் பிள்ளையைச் சேர்த்தால், 59வது பிள்ளைக்கும் அதே இரண்டு ஆசிரியர்கள்தான். அந்தக் குடும்பத்தின் துணிச்சலுக்குப் பலன் எதுவும் இல்லை. மூன்று குடும்பங்கள் சேர்ந்து வந்தால் 61. மூன்றாவது ஆசிரியரைக் கேட்கச் சட்டமே வழிவிடுகிறது. ‘நீ சேர்த்தால் நானும் சேர்க்கிறேன்’ என்று தெருவில் சொல்லிக்கொள்வது வெறும் பேச்சல்ல. அதற்குச் சட்டத்தில் ஓர் எண்ணும் இருக்கிறது.

குடும்பங்கள் இப்படிச் சேர்ந்து வருவதற்குக் கல்லூரி எப்படிக் காரணமாக முடியும்? 2020 வரை, மருத்துவக் கனவுள்ள எந்தப் பெற்றோருக்கும் அரசுப் பள்ளி ஒரு தடையாகவே தெரிந்தது. நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் 2020 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்து, அரசாணையே பிறப்பித்த பிறகுதான், அக்டோபர் கடைசியில் அந்த ஒப்புதல் வந்தது. முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக 405 இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிந்தது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றது. 2022 ஏப்ரலில் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அதன் நிபந்தனையை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆகவே, கல்லூரி பற்றிய முடிவு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கலந்தாய்வில் அல்ல, பத்து பதினோரு வயதிலேயே எடுக்கப்படுகிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒரு தாய் எடுக்கும் முடிவில் அந்த உரிமை கிடைக்கிறது, அல்லது கைநழுவிப் போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டால் அவரும் தகுதி பெறுவார். இது எத்தனை வீடுகளில் தெரியும்?

செம்மங்குப்பத்துப் பெற்றோருக்கு இது எங்கோ சென்னையில் நடக்கும் கதை அல்ல. அதே சாலையில் தெற்கே போனால் சிதம்பரம். அங்கே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு தன் பொறுப்பில் எடுத்த பிறகும், மருத்துவ மாணவர்கள் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டவேண்டியிருந்தது. அரசு நடத்தும் கல்லூரியில் அரசுக் கட்டணம்தானே வாங்கவேண்டும் என்று கேட்டு, 2020 டிசம்பரிலிருந்து அவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். விடுதியையும் உணவையும் மூடிப் பார்த்தும் அவர்கள் கலையவில்லை. கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது. ஒரு மாணவர் மட்டும் மனு கொடுத்திருந்தால் அது கோப்பில் கிடந்திருக்கும். சேர்ந்து நின்றவர்கள் ஒரு நிறுவனத்தையே மாற்றினார்கள். இது இந்த மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது.

கல்லூரிச் சேர்க்கை விதி பள்ளிகளின் முகத்தை மாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சான்று. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று 1997இல் அங்கே சட்டம் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிகளின் வட்டம் விரிந்தது. கூடவே, சில குடும்பங்கள் கணக்குப் போட்டு, போட்டி குறைந்த பள்ளிகளுக்குப் பிள்ளைகளை மாற்றின. பொருளியலாளர்கள் ஆராய்ந்து உறுதிப்படுத்திய செய்தி இது.

இந்த இரண்டாவது செய்திதான் நம்மூரில் ஓர் அச்சத்தை எழுப்புகிறது. ஐந்தாம் வகுப்பு வரை தனியார் ஆங்கிலப் பள்ளியில் படிக்கவைத்து, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள், முதலிலிருந்தே அங்கு படிக்கும் ஏழைப் பிள்ளையின் இடத்தைத் தட்டிப் பறித்துவிட மாட்டார்களா? அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் வரட்டும் என்றே சொல்வேன். கேள்வி கேட்டுப் பழகிய பெற்றோர் இல்லாததுதான் சிறிய பள்ளிகளின் பெரிய வறுமை. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்று உரத்துச் சொல்ல வருகிறவரை வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்பது வீண். ஒரு குடும்பம் கமுக்கமாக உள்ளே வந்து, இடத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினால் பள்ளிக்கு எதுவும் மிஞ்சாது. முப்பது குடும்பங்கள் வெளிப்படையாகச் சேர்ந்து வந்தால், அந்த முப்பது பேரின் தேவை பள்ளி முழுமைக்குமான தேவையாகிவிடும்.

முன்பே ஒருமுறை வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு, 2021இல், ஃபீஸ் கட்ட முடியாத குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தன. வந்தவர்களில் பலர் இரண்டொரு ஆண்டுகளில் திரும்பிப் போனார்கள். வருமானம் இல்லாமல் ஒவ்வொருவராக வந்தார்கள். வருமானம் வந்ததும் ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லை. அந்த ஓராண்டில் அவர்களைத் தக்கவைக்கக் கூடுதல் ஆசிரியர்களைக் கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டது அரசு.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஓர் ஊரே மருத்துவ இடத்தை மட்டும் குறிவைத்தால் பெரும்பாலோருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். மாநிலம் முழுமைக்குமே அவை சில நூறு இடங்கள். எத்தனை விதமான கல்லூரிகள் இந்தச் சாலையைச் சுற்றியே இருக்கின்றன என்பதைப் பெற்றோர் பார்க்கவேண்டும். தேவனாம்பட்டினத்தில் பெரியார் கலைக் கல்லூரி, சி.முட்லூரில் அரசுக் கலைக் கல்லூரி, அண்ணாமலைநகரில் வேளாண் புலமும் பொறியியல் புலமும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். கடலோரத்துப் பிள்ளைக்குக் கடலைப் படிப்பதற்கான இடம் சொந்த மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதைப் பள்ளியில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; மாணவனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வனில் அதே தொகை. ஒரு வகுப்பிலிருந்து ஒருவர் டாக்டராகி மற்றவர்கள் நின்றுவிடுவதைவிட, வகுப்பே ஏதேனும் ஒரு கல்லூரிக்குப் போவதுதான் பள்ளியின் பெயரை ஊரில் நிலைக்க வைக்கும்.

அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு இல்லை என்பது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஏழைப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கவைத்தவை அந்தப் பள்ளிகள். புதுமைப் பெண் திட்டத்தை அவற்றின் தமிழ்வழி மாணவியருக்கு 2024 டிசம்பரில் விரிவாக்கிய அரசு, 7.5 விழுக்காட்டிலும் அவர்களை நினைக்கவேண்டும்.

பெற்றோருக்குச் சட்டம் தந்திருக்கும் கருவி பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பும் அதற்குத்தான். பல ஊர்களில் அது கையெழுத்து வாங்கும் கூட்டமாகவே நடந்து முடிகிறது. அந்தக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை அழைத்து, ஆறாம் வகுப்பை எங்கே சேர்க்கப்போகிறோம், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் வேண்டும், பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் உயிரியலுக்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று பேசலாம். உயிரியல் குரூப்பே இல்லாத பள்ளியில் ஏழாண்டு படித்தவருக்கு மருத்துவ ஒதுக்கீடு இருந்தும் பயனில்லை.

அரசின் பங்கு இதைவிடப் பெரிது. ஆகஸ்ட் 1 வரை காத்திருந்து தலைகளை எண்ணுவதை விட்டு, இத்தனை பேர் சேர்க்கிறோம் என்று பெற்றோர் எழுத்தில் கொடுத்தால், அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற ஆசிரியரை ஜூனிலேயே அனுப்பி, மூன்றாண்டுகளுக்கு அந்தப் பணியிடத்தில் கைவைக்காமல் இருக்கவேண்டும். முதல் ஆண்டில் எண்ணிக்கை சற்றுக் குறைந்தாலும் ஆசிரியர் உபரி ஆகக் கூடாது. எல்கேஜி வகுப்பு எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் வரவேண்டும். மேல்நிலைப் பள்ளி நேரத்துக்கு நகரப் பேருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளையும் திரும்ப வேனுக்கே போய்விடும்.

தனியார் பள்ளிகள் பல, பொங்கல் முடிந்த கையோடு சேர்க்கையைத் தொடங்கிவிடுகின்றன. ஜூன் மாதம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மீதிதான் கிடைக்கிறது. ஆகவே ஊர் கூடவேண்டிய மாதம் ஜனவரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையும் பெற்றோர் கையெழுத்தையும் கொண்ட பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு பிப்ரவரிக்குள் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமும் போய்ச் சேரவேண்டும்.