கொள்ளுக்கு ஒரு பொய் வரலாறு

நீலகிரிப் பழங்குடியான கோத்தர் ஊதும் கொள் என்ற சீவாளிக் குழலுக்குப் பொய் வரலாறு எழுதுவது சுலபம். சுமேரியாவிலிருந்து அதே மலையின் தோடர்கள் எருமை ஓட்டி வந்தார்கள், பின்னாலேயே ஒரு கோத்தர் ஊதிக்கொண்டு வந்தார், கல்லாறு தாண்டி மலை ரயிலின் பல்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கவ்வும்போது கேட்பது அந்த மெட்டுதான் என்று நாலு பக்கம் ஓட்டிவிடலாம். இந்த மாதிரி எழுத்தைச் சிற்றிதழ்கள் தயங்காமல் வெளியிட வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஏனென்றால் மேலே சொன்னதில் சுமேரியா எங்கள் கற்பனை அல்ல. கிரேக்க இளவரசர் பீட்டர் 1950களில் தோடரின் சடங்குச் சொற்களில் சுமேரியத் தெய்வங்களின் பெயர்களைக் கண்டதாக முகம் சுளிக்காமல் எழுதினார். அதற்கு முந்தைய நூற்றாண்டில் இஸ்ரேலின் தொலைந்துபோன குலம் இவர்கள்தான் என்றவர்களும் உண்டு. தாடியும் போர்வையும் அவர்களுக்குப் போதிய சான்று. இசைக்கருவிகளும் தப்பவில்லை. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூலில் ராவணாஸ்திரம் என்றொரு வில் வாத்தியத்தைக் காட்டினார். பெல்ஜிய இசையறிஞர் ஃபெதிஸ் 1856இல் அதைப் பிடித்துக்கொண்டு, இலங்கை மன்னன் இராவணன் கிறிஸ்துவுக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்தது, வயலின் இனத்துக்கே மூலம் என்று எழுதிவிட்டார். ஒரு மன்னன், ஒரு பெரிய எண், கொஞ்சம் சாயல். செய்முறை இவ்வளவுதான். கேலி வரலாறு அதே செய்முறையை அடுப்பங்கரைக் கதவைத் திறந்துவைத்துச் செய்துகாட்டுகிறது.

கேலியே நாளைக்கு ஆதாரமாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகியிருக்கிறது. செலோ வாசிக்கும் ஆண்களுக்கு விதைப்பையில் புண் வருகிறது என்று 1974இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கடிதம் வெறும் குறும்பு. அதை நம்பி மேற்கோள் காட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் எழுதியவர்களே 2009இல் உண்மையை உடைத்துவிட்டார்கள். செலோவை எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசித்திருந்தால் எவரும் அன்றைக்கே சிரித்திருக்கலாம். ஃபெதிஸ் அப்படி எதையும் உடைக்கவில்லை. இராவணன் கதை இன்றும் மேடைகளில் நிமிர்ந்து நடக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள ஒரு சமூகத்தின் வாத்தியத்தை வைத்து விளையாடுவது அவர்களையே கேலி செய்வதாகாதா? கேலி யார்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. கோத்தர்கள் கொல்லர்கள், குயவர்கள், இசைக்காரர்கள். இரும்புக்கும் பானைக்கும் இசைக்கும் பதிலாக அதே மலையின் உழவர்களான படகரிடமிருந்து தானியமும் தோடரிடமிருந்து நெய்யும் வந்தன. தோடர், படகர் வீட்டுச் சாவுகளில் ஒலித்தது கோத்தரின் கொள்ளும் கொம்பும் பறையும்தான். 1930களில் படகர்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் அந்த இசையே வேண்டாம் என்றார்கள். கோத்தர் ஊர்களில் அது நிற்கவில்லை. தெய்வத்துக்கு ஊதும் மெட்டு வேறு, சாவுக்கு ஊதும் மெட்டு வேறு. ஒன்றை மற்றதன் இடத்தில் ஊத மாட்டார்கள். மூச்சு வாங்கும் இடமே தெரியாமல் ஊதுகிறவருக்குத் தன் மெட்டு எந்தச் சடங்கில் எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதில் குழப்பமே இல்லை. குழப்பம் முழுவதும் எழுத வந்தவர்களுடையது. ஆகவே எருமையும் பல்சக்கரமும் வரும் கதையில் கோமாளி வேடம் எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்குத்தான், ஊதுபவருக்கு அல்ல. அதற்கு அடுத்த பக்கத்தில், அவரிடமே கேட்டு எழுதிய மெட்டுக் கணக்கு வர வேண்டும். அவர் பெயரோடு, சிற்றிதழ் வழக்கத்தை மீறிச் சன்மானத்தோடும்.